இருபது கிலோ பூசணியை என்ன செய்வது? முதலில் வெட்டாமல் இருங்கள்

தோட்டத்துக் கொடியில் ஒரே ஒரு காய்தான் நின்றது, அது இருபது கிலோவுக்குப் பக்கமாக வளர்ந்துவிட்டது, பறித்து இரண்டு நாள் ஆகிறது, வீட்டில் இருப்பதோ மூன்று பேர். வெட்டி ஃப்ரீசரில் போடுவதா, முழுசாகவே வைத்தால் எத்தனை நாள் தாங்கும், வேகவைத்து மசித்து பாட்டிலில் அடைத்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் கேட்ட வரிசையில் இல்லை.

கத்தியை எடுக்காதீர்கள். நன்றாக முற்றிய பூசணிக்கு அதன் தோலைவிட நல்ல டப்பா கிடையாது. உள்ளே பத்துப் பன்னிரண்டு கிலோ சதை இருக்கும், அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், அவ்வளவையும் மின்சாரம் இல்லாமல் மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருக்கிறது அந்தத் தோல். ஒரு கீற்று வெட்டினாலும் அந்தக் காவல் போய்விடும், அதற்கப்புறம் மாதக் கணக்கு எல்லாம் நாள் கணக்காகிவிடும். அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது இந்தக் காய் முழுசாக இருக்கத் தகுந்ததா என்பதைத்தான். தகுந்தது என்றால் உங்களுக்கு எந்த அவசரமும் இல்லை. இல்லை என்றால் இந்த வாரமே வெட்டியாக வேண்டும்.

அதைக் கண்டுபிடிப்பது எளிது. கட்டைவிரல் நகத்தைத் தோலில் அழுத்திப் பாருங்கள். நகம் இறங்காமல் வழுக்கினால் முற்றிய காய். லேசாகப் பள்ளம் விழுந்து ஈரம் கசிந்தால் இன்னும் பிஞ்சுத்தன்மை போகவில்லை, அதை எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் நிற்காது. அடுத்து காம்பு. அது காய்ந்து, இறுகி, காயோடு ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். காம்பு ஒடிந்து விழுந்திருந்தால் அந்த இடம் ஒரு திறந்த புண் மாதிரிதான், அழுகல் உள்ளே போவதற்கு அதுவே போதும். இனிமேல் பறிக்கும்போது கொடியைத் திருகி இழுக்காமல், கூர்மையான கத்தரியால் காம்பில் ஏழெட்டு சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். இன்னொன்று, எவ்வளவு சின்னக் காயாக இருந்தாலும் காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். இருபது கிலோ எடையை அந்தக் காம்பு தாங்காது, தாங்கினது போலத் தெரிந்தாலும் அடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருக்கும். அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்குங்கள், இல்லை ஒரு போர்வையில் உருட்டி வைத்து இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடியுங்கள்.

அப்புறம் காயைச் சுற்றி முழுக்கப் பாருங்கள், குறிப்பாகக் காம்புக்கு நேர் எதிரே பூ உதிர்ந்த வட்டத் தழும்பையும், தரையில் படுத்திருந்த வெளிறிய பக்கத்தையும். பெரிய காய்கள் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். தன் எடையே அந்தப் பக்கத்தை அழுத்திக்கொண்டிருக்கும், மண் ஈரமும் அங்கேதான் வாரக்கணக்கில் பட்டிருக்கும். விரலால் அழுத்தினால் அமுங்குகிற இடம், புழு துளைத்த ஓட்டை, மண்வெட்டி பட்ட ஆழமான வெட்டு, உறைபனி பட்டு நீர்கோர்த்தது போல் தெரிகிற திட்டு, இதில் எது இருந்தாலும் சேமிக்கிற யோசனையை விட்டுவிட்டு நேராக வெட்டுகிற பகுதிக்குப் போய்விடுங்கள். மேலோட்டமான கீறல் என்றால் பயப்பட வேண்டாம், அது ஆறிவிடும்.

ஆறிவிடும் என்று சொன்னேன் இல்லையா, அதற்குத்தான் பறித்த உடனே பத்து நாள் ஒதுக்க வேண்டும். பூசணி பறித்த பிறகும் உயிரோடுதான் இருக்கிறது, சுவாசிக்கிறது, காயம் பட்ட இடத்தைத் தானே மூடிக்கொள்கிறது, தோலை இன்னும் இறுக்கிக்கொள்கிறது. அந்த வேலைக்கு அதற்கு வெப்பம் வேண்டும். 27 முதல் 29 டிகிரி செல்சியஸ், காற்றில் ஈரப்பதம் 80 முதல் 85 சதவீதம், பத்து நாள், இதுதான் விவசாயிகளுக்குச் சொல்லப்படுகிற அளவு. வீட்டில் இதை அளந்து பிடிக்க முடியாது, தேவையும் இல்லை. மழை இல்லாத நாட்களில் வெளியே பலகை மேல் வைத்து, இரவில் பனி விழாமல் மூடி, ஒரு வாரம் பத்து நாள் விட்டால் போதும். குளிர்ந்துவிட்ட ஊர்களில் வீட்டிலேயே வெதுவெதுப்பான, காற்றோட்டமுள்ள அறையில் வைக்கலாம். நீங்கள் பறித்து இரண்டு நாள்தான் ஆகிறது என்பதால் இன்னும் நேரம் இருக்கிறது. இதைச் செய்யாமல் நேரே குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோகிறவர்கள்தான் பிற்பாடு காய் சீக்கிரம் அழுகிவிட்டது என்று வருந்துகிறார்கள். ஒரே விலக்கு, ஏகார்ன் எனப்படும் கரும்பச்சை நிறச் சின்னப் பூசணி. அதை இப்படிச் சூட்டில் வைத்தால் ருசியும் போகும், ஆயுளும் குறையும்.

மண் ஒட்டியிருந்தால் முதலில் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். அதற்கப்புறம் வீட்டு உபயோக ப்ளீச்சை ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து தோல் முழுக்கத் துடைத்து, உடனே நன்றாகக் காயவிடுங்கள். தோல் மேல் உட்கார்ந்திருக்கிற பூஞ்சை வித்துகளைக் குறைப்பதற்குத்தான் இது. ப்ளீச்சோடு வினிகரையோ வேறு சுத்தம் செய்யும் திரவத்தையோ கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். காயைத் தண்ணீரில் முக்கி ஊறவைக்கவும் வேண்டாம், காம்படியில் தண்ணீர் தங்கினால் அழுகல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

இப்போது எங்கே வைப்பது. 10 முதல் 13 டிகிரி வெப்பம், 50 முதல் 70 சதவீதம் ஈரப்பதம், வெளிச்சம் குறைவு, காற்று நடமாட்டம், இது இருந்தால் உத்தமம். ரொம்பக் குளிர்ந்த இடம் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் பூசணிக்கு அது பொருந்தாது. 10 டிகிரிக்குக் கீழே போனால் அதன் திசுக்கள் குளிரால் சேதமாகின்றன. வெளியே ஒன்றும் தெரியாது, சில வாரம் கழித்துத் தோலில் குழி விழுந்து அங்கே அழுகல் பிடிக்கும். அதனால் முழுப் பூசணியை ஃப்ரிட்ஜில் வைக்கவே வேண்டாம், இந்த அளவுக் காய் எப்படியும் உள்ளே போகாது. உங்கள் வீட்டில் 13 டிகிரி எல்லாம் கனவு, வெளியே எப்போதும் 25க்கு மேல்தான் என்றால், வீட்டிலேயே குளிர்ச்சியான, வெயில் படாத அறையின் தரைப்பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆயுள் குறையும், சதை நாளாக ஆகக் கொஞ்சம் நாராகும், ஆனால் முற்றிய காய் அப்போதும் வாரக்கணக்கில் நிற்கும்.

வெறும் சிமெண்ட் தரையில் வைக்காதீர்கள். காய்க்கும் தரைக்கும் நடுவில் ஈரம் கோர்த்துக்கொள்ளும். மரப்பலகை, அதன் மேல் வைக்கோலோ மடித்த சாக்கோ அட்டையோ போட்டு, பழைய தரைப்பக்கம் மறுபடியும் அடியில் வராமல் சற்றுச் சாய்த்து உட்கார வையுங்கள். பெரிய காய்க்கு மெத்தென்ற அடி அவசியம், எடை முழுக்க ஒரே புள்ளியில் இறங்கக் கூடாது. ஒன்றுக்கு மேல் காய் இருந்தால் ஒன்றோடு ஒன்று இடிக்காமல் வையுங்கள், அடுக்காதீர்கள். பக்கத்தில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருக்கக் கூடாது. பழுக்கும் பழங்கள் விடுகிற எத்திலீன் வாயு பூசணியின் ஆயுளைக் குறைத்துவிடும். பிளாஸ்டிக் பையால் மூடுவது எல்லாவற்றையும்விட மோசம்.

எத்தனை நாள் தாங்கும் என்பது எந்த இனம் என்பதைப் பொறுத்தது, அதைக் காம்பே சொல்லிவிடும். காம்பு கட்டியாக, கூர்மையான விளிம்புகளோடு ஐந்து பட்டையாக இருந்து, காயோடு சேரும் இடத்தில் அதிகம் விரியாமல் இருந்தால் பெப்போ இனமாக இருக்கலாம், அதற்கு நல்ல இடத்தில் இரண்டு மூன்று மாதம். காம்பு கட்டியாகவே இருந்து, காயைத் தொடும் இடத்தில் பூப்போல விரிந்து உட்கார்ந்திருந்தால் மொஸ்சாட்டா. பட்டை இல்லாமல் உருண்டையாக, தடிமனாக, தக்கை மாதிரி மென்மையாக இருந்தால் மாக்சிமா. இந்த இரண்டும் மூன்று மாதத்தைத் தாண்டும், மாக்சிமாவில் கெட்டித் தோல் உள்ள சில வகைகள் ஆறு மாதம் வரை நிற்கும். ஆனால் மாக்சிமாவிலேயே போட்டிக்கென்று வளர்க்கிற ராட்சத வகைகள் இருக்கின்றன, ஆயிரம் கிலோவைக்கூடத் தாண்டும், அவற்றின் வளர்ச்சியெல்லாம் எடையில்தான் போகிறது. சதை நீர்த்து இருக்கும், ருசி சுமார், நீண்ட நாள் வைக்கவும் ஏற்றதில்லை. உங்கள் விதை அந்த வகை என்றால் ஒரு மாதத்துக்குள் வெட்டிவிடுங்கள்.

காத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மொஸ்சாட்டா, மாக்சிமா இனங்களில் பறித்த பிறகு சில வாரங்களுக்குச் சதையில் உள்ள மாவுச்சத்து மெல்ல இனிப்பாக மாறுகிறது. பறித்த அன்றே வெட்டினால் சப்பென்று இருக்கிற காய் ஒரு மாதம் கழித்து நல்ல இனிப்பாக இருப்பது இதனால்தான்.

வாரம் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அடியில் ஒரு செய்தித்தாள் விரித்து வைத்தால் வசதி, கசிவு இருந்தால் தாளில் கறை காட்டிக்கொடுக்கும். பூ முனையையும் காம்படியையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். காய்ந்த காம்பின் மேல் மட்டும் லேசாகப் பூஞ்சை தெரிந்தால் துடைத்துவிட்டால் போதும், தோலில் அமுங்குகிற இடம் தெரிந்தால் அன்றே வெட்டுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் அந்தத் திட்டு உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியாது. வெட்டியதும் உள்ளே புளித்த வாடையோ பிசுபிசுப்போ இருந்தால் நல்ல பக்கத்தைக் காப்பாற்ற முயல வேண்டாம், எருக்குழிக்கு அனுப்பிவிடுங்கள்.

வெட்டுகிற நாளைப் பற்றி. அதற்கு அரை நாள் வேண்டும், ஃப்ரீசரில் இடம் வேண்டும், கூட ஓர் ஆள் இருந்தால் நல்லது. இவற்றை ஏற்பாடு செய்துகொண்டு வெட்டுங்கள். ஈரத்துணியை மடித்து அடியில் போட்டு காய் உருளாமல் நிறுத்துங்கள். காம்பு வழியாக வெட்ட முயலாதீர்கள், அதுதான் இருப்பதிலேயே கடினமான இடம். காம்புக்குச் சற்றுத் தள்ளி கத்தி முனையை இறக்கி, அங்கிருந்து கீழ்நோக்கி அழுத்திக்கொண்டு வாருங்கள், சிக்கிக்கொண்டால் கத்தியை ஆட்டி இழுக்காமல் அதன் முதுகில் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். இரண்டாகப் பிளந்ததும் விதையையும் நாரையும் கரண்டியால் சுரண்டி எடுத்துவிடுங்கள், சுவர் வழுவழுப்பாகத் தெரிகிற வரைக்கும். பூஞ்சை முதலில் பிடிப்பது அந்த நாரில்தான். நார் நீக்கி, வெட்டுப்பக்கம் காற்றுப்படாமல் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்த கீற்று நாலைந்து நாள் தாங்கும். பாதிக்காயைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுத் தினம் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

மீதி அத்தனைக்கும் நான் சொல்வது ஃப்ரீசர்தான், அதிலும் வேகவைத்து மசித்தது. பச்சைத் துண்டுகளாகவும் உறைய வைக்கலாம், ஆனால் சதையில் உள்ள நொதிகள் குளிரிலும் மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கும், நிறமும் ருசியும் மங்கும், உருகும்போது துண்டு தண்ணீர் விட்டுத் தளர்ந்துபோகும், இடத்தையும் அடைத்துக்கொள்ளும். பெரிய துண்டுகளாகத் தோலோடு ஓவனில் 180 முதல் 200 டிகிரியில் மெத்தென்று ஆகும்வரை சுட்டெடுங்கள், அல்லது ஆவியில் வேகவையுங்கள், தண்ணீரில் போட்டு வேகவைப்பது கடைசி வழி. வெந்த சதை கரண்டிக்குத் தானாகத் தோலிலிருந்து கழன்று வரும். மசித்துப் பாருங்கள், பெரிய காய் என்றால் தண்ணீர் அதிகம் இருக்கும், சுத்தமான துணியில் கட்டி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வடிய விட்டால் கெட்டியான மசியல் கிடைக்கும், ஃப்ரீசரில் பாதி இடமும் மிச்சம்.

பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் உட்கார வைத்துக் கிளறி சீக்கிரம் ஆறவிடுங்கள், வெந்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது. பிறகு ஒரு வேளைச் சமையலுக்கு எவ்வளவு தேவையோ அந்த அளவாகப் பைகளில் போட்டு, காற்றை வெளியே தள்ளி, தட்டையாகத் தட்டி ஒரு தட்டில் படுக்க வைத்து உறையவிடுங்கள். உறைந்ததும் புத்தகம் போல நிறுத்தி அடுக்கிக்கொள்ளலாம், தேவைப்படும்போது சீக்கிரம் உருகும். டப்பாவில் போட்டால் மேலே ஒரு விரற்கடை இடம் விடுங்கள், உறையும்போது விரியும். மைனஸ் 18 டிகிரியில் எட்டு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ருசி மாறாமல் இருக்கும். பையின் மேல் தேதி எழுத மறக்காதீர்கள்.

இனி பாட்டில் விஷயம், இதில் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் பேசுவேன். மசித்த பூசணியை வீட்டில் பாட்டிலில் அடைத்து வெளியே வைக்காதீர்கள். பூசணியில் அமிலம் குறைவு, அமிலத்தைக் காட்டும் பிஎச் அளவு (எண் கூடினால் அமிலம் குறைவு) பாதுகாப்பு எல்லையான 4.6க்கு மேலேதான் இருக்கும். காற்று இல்லாத, அமிலம் குறைந்த, ஈரமான அந்த இடம்தான் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமி நஞ்சு சுரக்கத் தேடுகிற இடம். அதன் வித்துகள் கொதிக்கும் தண்ணீரில் சாகாது, நஞ்சு இருக்கிற உணவு பார்க்கவும் முகரவும் சரியாகவே இருக்கலாம், ஆனால் நரம்புகளை முடக்கி ஆளையே கொன்றுவிடக் கூடியது. மசியல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதத்தில் இருப்பதால் வெப்பம் பாட்டிலின் நடுவரை போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை, அதனாலேயே அமெரிக்க வேளாண்மைத் துறையின் வீட்டுப் பதப்படுத்தல் வழிகாட்டியில் மசியலுக்குச் செய்முறை கிடையாது, துண்டுகளுக்கு மட்டும்தான் இருக்கிறது. அதுவும் தோல் நீக்கிய இரண்டரை சென்டிமீட்டர் துண்டுகள், இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, மசிக்காமல், சூடாகவே அதே தண்ணீரோடு பாட்டிலில் நிரப்பி, அழுத்தத்தில் பதப்படுத்துகிற பிரஷர் கேனரில் அரை லிட்டர் பாட்டிலுக்கு 55 நிமிடம், ஒரு லிட்டருக்கு 90 நிமிடம், உயரமான ஊர் என்றால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். சமையலறையில் இருக்கிற சாதாரண பிரஷர் குக்கர் இதற்கு ஆகாது, அது சூடாகிற வேகமும் ஆறுகிற வேகமும் வேறு. கேனர் இல்லையா, விட்டுவிடுங்கள். சர்க்கரை நிறையப் போட்டுக் கிளறிய பூசணி ஜாமும் அப்படித்தான், ஃப்ரிட்ஜிலோ ஃப்ரீசரிலோதான் இருக்க வேண்டும்.

ஃப்ரீசரில் இடமே இல்லை என்றால் உலர்த்தலாம். தோல் சீவி, மூன்று மில்லிமீட்டர் தடிமனில் மெல்லிய வில்லைகளாக அரிந்து, மூன்று நிமிடம் ஆவியில் காட்டி, 60 டிகிரியில் பத்து மணி நேரத்துக்கு மேல், வளைத்தால் படக்கென்று ஒடிகிற வரை உலர்த்துங்கள். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. காற்றுப்புகாத பாட்டிலில் போட்டு முதல் வாரம் தினம் ஒரு முறை குலுக்கிப் பாருங்கள், உள்சுவரில் ஈரம் பூத்தால் மறுபடி உலர்த்த வேண்டும். பத்து கிலோ சதை ஒரு கிலோ சொச்சமாகச் சுருங்கிவிடும்.

விதைகளைத் தூக்கி எறியாதீர்கள். நாரைக் கழுவி நீக்கி, நிழலில் உலர்த்தி வறுத்துச் சாப்பிடலாம், நல்ல பருத்த விதைகளைத் தனியே எடுத்து முழுக்கக் காயவைத்து அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் நாலைந்து வருடம் முளைப்புத்திறன் இருக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. உங்கள் காய் பெப்போ இனமாக இருந்து, பக்கத்தில் அழகுக்காக வளர்க்கிற கசப்புச் சுரைப் பூசணிகளோ அதே இனத்துச் சுக்கினியோ பூத்திருந்தால் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்திருக்கும். இந்தக் காயின் சதை மாறாது, ஆனால் இதன் விதையிலிருந்து வருகிற காய்கள் என்னவாகும் என்று சொல்ல முடியாது, குகர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு அதிகமாக இருக்கும் காய்கூட வரலாம். வீட்டில் எடுத்த விதையிலிருந்து வந்த எந்தப் பூசணியையும் சமைப்பதற்கு முன்னால் நகம் அளவு பச்சைத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள், வேகவைத்தால் அந்தக் கசப்பு போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் கடுமையாக வரும். இப்போது உங்களிடம் இருக்கும் காயும் போன வருடம் எடுத்து வைத்த விதையில் வந்தது என்றால் இதற்கும் அதே சோதனைதான்.

காம்பு எந்த வடிவம், நகம் இறங்குகிறதா, வீட்டில் வைக்கிற இடத்தில் சுமாராக எவ்வளவு வெப்பம், இந்த மூன்றையும் பார்த்து எழுதுங்கள், உங்கள் காய் எத்தனை வாரம் தாங்கும் என்று இன்னும் நெருக்கமாகச் சொல்கிறேன். அதுவரை பத்து நாள் சூட்டில் வைக்கிற வேலையை இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.